மலைக்குளிரில் ஒரு சத்தமில்லாத கணினி: இரட்டைக் கோபுரக் கூலர் வாங்குமுன்

[திரை: இரவு. தகரக் கூரையில் மழை. மழை ஓய்கிறது, கணினி விசிறியின் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது.]

கேட்கிறதா? மழை பெய்யும்வரை இந்த விசிறி இருப்பதே தெரியாது. மழை விட்டதும் நுவரெலியா இரவில் இதைத் தவிர வேறு சத்தமில்லை. இந்தக் குரலைப் பதிவு செய்யும் ஒலிவாங்கிக்கும் அதே தொல்லைதான். அதனால்தான் கணினியின் மூளையான செயலியைக் (CPU) குளிர்விக்கும் இரட்டைக் கோபுரக் கூலர் தேடிப் புறப்பட்டேன்.

[திரை: கூலரின் குறுக்குவெட்டுப் படம்]

செயலியின் மேல் அமரும் அடித்தளத்திலிருந்து ஆறேழு செப்புக் குழாய்கள் எழுந்து, அலுமினியத் தகடுகள் அடுக்கிய இரண்டு கோபுரங்களுக்குள் நுழைகின்றன. குழாய்க்குள் இருப்பது கொஞ்சம் தண்ணீர். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நம் அடுப்பில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். இந்தக் குழாய்களில் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுவதால், செயலி இளஞ்சூடானாலே தண்ணீர் ஆவியாகிறது. ஆவி தகடுகளிடம் சூட்டை விட்டுவிட்டு நீராகிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல், குழாயின் உட்சுவர் அதை மீண்டும் அடிக்கு இழுத்துக்கொள்கிறது.

கோபுரம் இரண்டு எதற்கு? தகட்டின் பரப்பு கூடினால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். அதே வேகத்தில் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் ஏறுவதோ 3 டெசிபெல்தான். ஒன்றை ஓட ஓட விரட்டுவதைவிட இரண்டை நடக்கவிடுவது மேல்.

[திரை: இலங்கை வரைபடம். கொழும்பு, நுவரெலியா]

இனி நம் ஊர்க் கணக்கு. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. இங்கே 16ஐ ஒட்டியது. அறைக் காற்று 11 பாகை குளிர்ந்தால் செயலியும் கிட்டத்தட்ட அதே அளவு குளிர வேண்டும். ஆனால் மேலே காற்று மெலிது. கடல் மட்டத்தைவிட அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், விசிறி தள்ளும் காற்று சுமக்கும் சூடும் குறைகிறது. கூட்டிக் கழித்தால் சில பாகை நமக்கு இலாபம். அதைச் செயலியை இன்னும் குளிர்விக்கச் செலவழிக்காதீர்கள். 70இல் ஓடுவதை 60க்கு இறக்கி என்ன காணப்போகிறோம்? ஏஎம்டியின் ரைசன் 7950எக்ஸ் என்ற செயலி, 95 பாகைவரை ஓடவே வடிவமைக்கப்பட்டது. இலாபத்தை விசிறியின் வேகத்தைக் குறைப்பதில் போடுங்கள்.

அந்தச் செயலி முழுச்சுமையில் 230 வாட்வரை இழுக்கும். அதற்கு இரட்டைக் கோபுரம் தகும். 65 வாட் வகைச் செயலிக்கு ஒற்றைக் கோபுரமே தாராளம்.

வாங்குமுன் அளவுகோலை எடுங்கள். நொக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மில்லிமீற்றர்; தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155. உங்கள் கணினிப் பெட்டி எவ்வளவு உயரக் கூலரை ஏற்கும் என்பது அதன் விவரக்குறிப்பில் இருக்கும். முன் விசிறிக்கு அடியில் வரும் ராம் (RAM) எனும் நினைவக அட்டை உயரமாக இருந்தால், அந்த விசிறியை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும். அப்போது மொத்த உயரமும் ஏறும். முதலாவதற்கு 24.6 டெசிபெல், இரண்டாவதற்கு 25.6 என்று நிறுவனங்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவை முழு வேகத்தில் எடுத்த அளவுகள். நாம் அந்த வேகத்துக்கே போகப்போவதில்லை. இந்தக் குளிருக்கு இரண்டில் விலை குறைந்த தெர்மல்ரைட்டே போதும் என்பது என் கட்சி.

[திரை: மலைப்பாதை வளைவில் பஸ்]

கணினியைக் கொழும்பில் பொருத்தி வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. என்எச்-டி15 விசிறிகளோடு 1.3 கிலோவுக்கு மேல் எடை. வரும் வழியில் கினிகத்தேனை வளைவுகளில் அத்தனை எடையும், கூலர் மாட்டியிருக்கும் மதர்போர்டைப் பிடித்து உலுக்கும். கூலரைத் தனிப்பெட்டியில் கொண்டுவந்து வீட்டில் மாட்டுங்கள்.

[திரை: பயோஸ் அமைப்பில் விசிறி வேக வரைகோடு]

சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும். திடீரென்று சீறி அடங்குவதைத்தான் மறக்காது. உலாவியைத் திறந்தாலே செயலியின் சூடு ஒரு நொடி துள்ளும். விசிறியும் கூடவே துள்ளும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பான பயோஸில் (BIOS), சூட்டுக்கேற்ப விசிறி வேகத்தைத் தீர்மானிக்கும் வரைகோட்டை 65 பாகைவரை தட்டையாக வையுங்கள். வேகம் மாறச் சில நொடி தாமதமும் கொடுங்கள். விறகடுப்புப் புகை எட்டும் வீடென்றால் தகடுகளில் பிசுபிசுவென்று கரி படியும். தூரிகையால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

என் ராம் உயரமானது. முன் விசிறியைத் தூக்கி மாட்டினால் பெட்டியின் பக்க மூடி மூடவில்லை. அந்த விசிறியைக் கழற்றிவிட்டு, கோபுரங்களுக்கு நடுவிலுள்ள விசிறியை மட்டும் அதே நடை வேகத்தில் ஓடவிட்டேன். சூடு சில பாகை ஏறியது, அவ்வளவுதான். முன் விசிறி இன்னும் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது.

[திரை: அதே அறை. மழை ஓய்கிறது. தொலைவில் ஒரு நாய் குரைக்கிறது.]