நீதிமான் யாருக்கு நீதிமான்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ரைட்டியஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் குறிப்பது விதி வழுவாதவனையா, பிறருக்குத் தான் பட்ட கடனைத் தீர்ப்பவனையா என்பதே இன்றைய வழக்கு. கடன் தீர்ப்பவனையே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய நண்பர், பழைய ஆங்கிலத்தில் அது ‘ரிஹ்ட்வீஸ்’ என்றும், ‘ரிஹ்ட்’ என்றால் நேரானது என்றும் காட்டி, வளையாதவனே ரைட்டியஸ் என்று முடித்துவிட்டார். பின்பாதியான ‘வீஸ்’ என்பதற்கு அறிவுள்ள என்றும், விதம் என்றும் பொருள் காண்பதுண்டு. அதை அவர் தொடவே இல்லை. அவரையும் குறை சொல்வதற்கில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ‘பவுன்டியஸ்’ போன்ற சொற்களைப் பார்த்து இதன் வாலையும் மாற்றி எழுதிவிட்டதால், அந்தப் பாதி இன்று அடையாளம் தெரியாமல் கிடக்கிறது.

ஆனால் இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தது ஆங்கில வேதாகமம். அங்கே அது எபிரேயத்தின் ‘ட்செதெக்’ என்னும் சொல்லுக்கும் அதன் கிளைச்சொற்களுக்கும் ஈடாக நிற்கிறது. நம் வேதாகமத்தில் அவை பெரும்பாலும் நீதி, நீதிமான் என வரும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் தராசு, நிறைகல், மரக்கால், படி நான்குக்கும் அதுவே அடைமொழி. தமிழில் ‘சுமுத்திரையான’, அதாவது அளவு பிசகாத, என்று பெயர்த்தார்கள். பார்வைக்கு மாசு மருவில்லாத நிறைகல் எடையில் சற்றே குறைந்திருந்தால், ஏமாறுபவர் எதிரே பையை விரித்து நிற்பவர்தானே? வாங்குபவர் ஒருவர் இல்லாமல் அந்தக் கல்லுக்கு நீதியும் இல்லை, அநீதியும் இல்லை.

ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். யூதாவின் இரு மகன்களுக்கு அடுத்தடுத்து மனைவியாகி விதவையான தாமாருக்கு, அன்றைய வழக்கப்படி மூன்றாம் மகன் சேலாவைக் கொடுக்க வேண்டும், யூதா கொடுக்கவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் அமர்ந்தாள். வேசி என்று எண்ணி வந்த மாமனாரிடம் முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அடகாக வாங்கிக்கொண்டு, அவராலேயே கருவுற்றாள். அவளைச் சுட்டெரிக்கச் சொன்ன யூதா, அந்த அடகுப் பொருள்கள் திரும்பி வந்ததும், “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்கிறார். விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை, நடுவர் அவர்களே! தான் அவளுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் குரல் அது.

பழங்கதை என்று நண்பர் சிரிக்கிறார், அண்மைக்கே வருகிறேன். 1940-இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்தவர் சியுனே சுகிஹாரா. சேருமிடத்துக்கான விசாவும் போதிய பணமும் இல்லாதவர்களுக்கு வழிப்பயண விசா தரக் கூடாது என்பது டோக்கியோவின் உத்தரவு. தூதரக வாசலில் யூத அகதிகள் திரண்டிருந்தார்கள். அவர் உத்தரவை மீறி, நாளெல்லாம் உட்கார்ந்து கையாலேயே விசாக்களை எழுதித் தள்ளினார். நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் எருசலேமின் யாத் வஷேம் நிறுவனம், யூதர்களைக் காத்ததற்காக 1984-இல் அவருக்கு அளித்த பட்டத்தில் இருப்பதும் இதே ‘ரைட்டியஸ்’தான். விதி வழுவாதவனே ரைட்டியஸ் என்றால், அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுப்பதா, உத்தரவு அனுப்பிய டோக்கியோ அதிகாரிக்குக் கொடுப்பதா என்பதை, அடுத்து எழுந்துவரும் எதிரணித் தலைவர் முதலில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.