அனுப்பியது ஐந்து துண்டு, வந்தது ஒரே மூட்டை

[திரை: அருகருகே இரண்டு டெர்மினல்]

வணக்கம். டேட்டாவை மொத்தமாகச் சேர்த்து வைக்காமல், துண்டு துண்டாக சர்வருக்கு அனுப்பும் ஸ்ட்ரீமிங் எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். இடது பக்கம் கிளையன்ட். விநாடிக்கு ஒன்றாக ஐந்து துண்டு டேட்டா அனுப்பும். வலது பக்கம் சர்வர். துண்டு வரும்போதெல்லாம் நேரத்தோடு ஒரு வரி எழுதும். சரி, ஓட்டிப் பார்ப்போம்.

ஒன்று... இரண்டு... மூன்று... வலது பக்கம் சத்தமே இல்லை. ஐந்தாவது போனதும் பாருங்கள்: ஐந்து வரியும் 10:04:06 என்று ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. ஸ்டேட்டஸ் 200, அதாவது வெற்றி. எர்ரர் எதுவும் கிடையாது. வேலை நடந்துவிட்டது, ஸ்ட்ரீமிங் மட்டும் நடக்கவில்லை.

முதல் தடவை இதில் மாட்டியபோது அரை நாள் கிளையன்ட் கோடைத்தான் மாற்றி மாற்றி எழுதினேன். அதில் தப்பே இல்லை.

[திரை: கிளையன்ட், ப்ராக்ஸி, சர்வர். ப்ராக்ஸி மட்டும் சிவப்பு]

முதலில் நடுவில் இருப்பவரைச் சந்தேகப்படுங்கள்: கிளையன்ட் அனுப்புவதை வாங்கி சர்வருக்குக் கடத்தும் ப்ராக்ஸி. ப்ராக்ஸியை விட்டுவிட்டு சர்வர் போர்ட்டுக்கே நேராக அனுப்பிப் பாருங்கள். இதற்கு பிரவுசர் வேண்டாம், டெர்மினலிலிருந்தே ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் கமாண்ட் போதும். ஏனென்றால் குரோம் ஸ்ட்ரீம் பாடியை, அதாவது துண்டு துண்டாகப் போகும் டேட்டாவை, ஹெச்டிடிபி 2 அல்லது 3-ல்தான் அனுப்பும், 1.1 மட்டும் பேசும் போர்ட் என்றால் மறுத்துவிடும். அப்புறம் அது ஒரு தனிக் குழப்பம்.

நேராக அனுப்பும்போது துண்டு துண்டாக வருகிறதா? அப்படியானால் பிடித்து வைத்தது ப்ராக்ஸிதான். பலரும் ப்ராக்ஸியாக வைக்கும் என்ஜின்எக்ஸ் இயல்பாகவே பாடி முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் பின்னால் இருக்கும் சர்வருக்குத் தரும்.

[திரை: என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் ஃபைல், இரண்டு வரிகள் பெரிதாக]

ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்கை ஆஃப் செய்யுங்கள். பின்னால் பேசும் ஹெச்டிடிபி வெர்ஷனை 1.1 என்று வையுங்கள். இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு, "ஆஃப் செய்தும் மாறவில்லையே" என்பவர்கள் நிறைய. பாதி வழியில் 413, அதாவது 'பாடி மிகப் பெரியது' என்ற எர்ரர் வந்தால், பாடி அளவு வரம்பைப் பாருங்கள். இயல்பாக 1 எம்பிதான். மொத்த அளவை முன்கூட்டிச் சொல்லாத ஸ்ட்ரீம் என்பதால், வரம்பு தாண்டும்போதுதான் என்ஜின்எக்ஸுக்கே தெரியும்.

கிளையன்ட் பக்கத் தப்புகள் பெரும்பாலும் உடனே கத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச்சில், டூப்ளெக்ஸ் என்ற ஆப்ஷனுக்கு 'ஹாஃப்' என்று கொடுக்காவிட்டால் டைப் எர்ரர். துண்டாக ஸ்ட்ரிங்கை அப்படியே போட்டாலும் அடி விழும். அது பைட்டாக இருக்க வேண்டும். கத்தாமல் ஏமாற்றுவது ஒன்றுதான்: 'ஹாஃப்' என்றால், பாடி முழுவதும் போய் முடியும்வரை பதில் உங்கள் கைக்கு வராது. சாட் மாதிரி இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று நினைத்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

[திரை: மீண்டும் இரண்டு டெர்மினல்]

என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தாயிற்று. ஒன்று... 10:09:01. இரண்டு... 10:09:02. உங்களுக்கு இன்னும் மூட்டையாகவே வந்தால், சர்வர் கோடில், வரும் பாடியைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் பாடி பார்சர் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்கும்.