கன்ஃபிக் ஃபைலில் பல வரிகளை மொத்தமாக மாற்றுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. திரையில் இருப்பது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கன்ஃபிக் ஃபைல், அதாவது அதன் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல். இதில் லொகேஷன் என்று தொடங்கி, நாலு வரி தள்ளி அடைப்புக்குறியோடு முடிகிற துண்டைப் பாருங்கள். இதைத் தூக்கிவிட்டு வேறு ஆறு வரிகளை வைக்க வேண்டும். எடிட்டரில் திறந்தால் அரை நிமிட வேலைதான். ஆனால் இதே ஃபைல் இருபது சர்வர்களில் இருந்தால், கட்டளையாக எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் கை போவது, உரையைத் தேடி மாற்றும் செட் கமாண்டுக்கு. எஸ், இ, டி. தேடும் இடத்தில் முதல் வரி, வரிமுறிவைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் என், இரண்டாவது வரி என்று கொடுக்கிறேன். என்டர். பிழை எதுவும் வரவில்லை. ஃபைலைத் திறந்தால் ஓர் எழுத்து கூட மாறவில்லை! இந்த இடத்தில்தான் பலர் மணிக்கணக்காகத் தவிக்கிறார்கள்.

காரணம் இதுதான். செட், 1970களில் பெல் லேப்ஸில் லீ மெக்மஹன் எழுதியது. எடிட்டரில் வசதியாகத் திறக்க முடியாத பெரிய ஃபைல்களுக்காக உருவானது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் உள்ளே எடுக்கும். எடுக்கும்போதே வரியின் கடைசியில் இருக்கும் வரிமுறிவைக் கழற்றி வைத்துவிடும். நீங்கள் தேடுகிற பேக்ஸ்லாஷ் என் அதன் கையிலேயே இல்லை. அப்புறம் எப்படிக் கிடைக்கும்?

செட்டிலேயே தொடக்க வரி, முடிவு வரி என்று எல்லை கொடுத்து, அதன் சி கட்டளையால் மொத்தமாக மாற்றலாம். எளிய துண்டுகளுக்கு அது போதும். ஆனால் துண்டுக்குள் தனக்கென அடைப்புக்குறி கொண்ட ஓர் இஃப் நிபந்தனை இருந்தால், அதை மூடுகிற அடைப்புக்குறியையே முடிவு என்று எடுத்துக்கொண்டு, மீதியை அநாதையாக விட்டுவிடும். மைனஸ் இசட் கொடுத்தால் முழு ஃபைலையும் ஒரே வரியாகப் படிக்கும் என்பீர்கள். உண்மைதான், ஆனால் அது லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு செட்டில் மட்டும்தான், அதுவும் 2012இல் வந்த 4.2.2 பதிப்பிலிருந்து.

நான் பயன்படுத்துவது பெர்ல் என்ற நிரல்மொழி. மைனஸ் 0777 என்று கொடுத்தால் ஃபைல் முழுவதும் ஒரே சரமாக உள்ளே வரும். இந்த இடத்தில் கொடுப்பது வரிகளைப் பிரிக்கும் எழுத்தின் எண். 777 என்பது எட்டடிமான எண், நம் வழக்கமான கணக்கில் 511. ஒரு பைட்டின் மதிப்பு 255ஐத் தாண்டாது. ஆக, அப்படி ஒரு பிரிப்பு எழுத்து ஃபைலில் இருக்கவே முடியாது, எங்கேயும் வெட்டாமல் முழுசாகப் படித்துவிடும்.

சரி, இப்போது என்னை ஒருமுறை வசமாக மாட்டிவிட்ட விஷயம். புதிய துண்டில் ரிடர்ன் 301, எச்டிடிபிஎஸ், அதன் பிறகு டாலர் ஹோஸ்ட், டாலர் ரிக்வெஸ்ட் யூஆர்ஐ என்று இருந்தது. வந்தவரை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வரி அது, டாலர் போட்டவை என்ஜின்எக்ஸின் மாறிகள். அதை அப்படியே பெர்ல் கட்டளைக்குள் எழுதினேன். டாலரைப் பார்த்ததும் பெர்ல் அதைத் தன்னுடைய மாறி என்று நினைத்து, வெறுமையைப் போட்டுவிட்டது. ஃபைலில் மிஞ்சியது எச்டிடிபிஎஸ், இரண்டு ஸ்லாஷ், அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் மைனஸ் டி கொடுத்துச் சோதித்தால் எல்லாம் சரி என்கிறது, ஏனென்றால் இலக்கணப்படி அதில் தப்பில்லை. வந்தவர்கள் எல்லோரும் முகவரி இல்லாத இடத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அன்றிலிருந்து மாற்ற வேண்டிய உரையை நான் கட்டளைக்குள் எழுதுவதே இல்லை. பழைய துண்டு ஒரு ஃபைலில், புதிய துண்டு இன்னொரு ஃபைலில். இரண்டையும் கேட் கமாண்டால் படித்து, எக்ஸ்போர்ட் செய்து, சூழல் மாறிகளாக, அதாவது பெர்ல் எடுத்துப் படிக்கக்கூடிய பெயரிட்ட மதிப்புகளாக வைக்கிறேன். பெர்லில் தேடும் பக்கம் பேக்ஸ்லாஷ் பெரிய க்யூ, பழைய மாறி, பேக்ஸ்லாஷ் பெரிய இ. இவற்றுக்கு நடுவில் இருப்பது வெறும் எழுத்தாகவே பார்க்கப்படும். புள்ளி, அடைப்புக்குறி எதற்கும் தனி அர்த்தம் கிடையாது. மாற்றும் பக்கம் புதிய மாறி மட்டும். அதற்குள் இருக்கும் டாலரை பெர்ல் மறுபடி பிரித்துப் பார்க்காது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், துண்டின் கடைசி வரிமுறிவைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தின்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

மூல ஃபைலிலேயே நேரடியாக எழுதும் மைனஸ் ஐயை இன்னும் போடவில்லை, கவனியுங்கள். முடிவை டெம்ப் ஃபோல்டரில் எழுதி, இரண்டு ஃபைல்களின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் மைனஸ் யூ போட்டுப் பார்க்கிறேன். இதோ, போன வரிகளுக்கு முன்னால் கழித்தல் குறி, வந்த வரிகளுக்கு முன்னால் கூட்டல் குறி. வேறு எங்கும் கை படவில்லை. டிஃப் வெறுமையாக வந்தால் பழைய துண்டு பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் டேப் இருக்கும், அல்லது விண்டோஸ் வரிமுறிவு ஒட்டியிருக்கும். லினக்ஸில் கேட் மைனஸ் பெரிய ஏ போட்டால் டேப் கேரட் ஐ என்றும், அந்த விண்டோஸ் எழுத்து கேரட் எம் என்றும் வெளியே தெரியும்.

டிஃப் திருப்தியாக இருக்கிறது. இப்போது மைனஸ் ஐ, அதோடு ஒட்டி புள்ளி பேக். பழைய ஃபைல் அந்தப் பெயரில் பக்கத்திலேயே நிற்கும். அடுத்து என்ஜின்எக்ஸ் மைனஸ் டி, பிறகு ரீலோட். சர்வர் தரும் பதிலின் தலைப்பு வரிகளை மட்டும் காட்டும் கர்ல் மைனஸ் பெரிய ஐ அடிக்கிறேன். அந்தப் பதிலின் லொகேஷன் வரியில் முழு முகவரியும் வந்துவிட்டது, பாருங்கள்.