கலப்பு அரிசி மூட்டை எனக்கே!

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விறகடுப்பு வீடியோவின் மிச்சப் பாதியை இன்று போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்று இந்த மூட்டையைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன், தெரிகிறதா? எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்தது. 1,150 ரூபாய்!

பத்து கிலோகூடத் தேறாது. 200 ரூபாயில்தான் ஏலம் ஆரம்பித்தது. சேவலும் வாழைத்தாரும் வாங்கிக் குவித்தும் அடங்காத அண்ணாச்சி ஒருவர், நான் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் 10 ரூபாய் வைத்தார். பத்துப் பத்தாக! கோயிலுக்குப் போகிற பணத்தில் என்ன கஞ்சத்தனம்? பொறுத்துப் பார்த்தேன், 870லிருந்து ஒரே தாவாக 1,150 என்றேன். ஏலம் விட்ட உபதேசியார் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று இழுக்கிறார், இழுக்கிறார்... மூன்றுதரம் என்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. இந்தக் காசுக்கு இருபது கிலோ பொன்னி வாங்கலாமே என்கிறார் என் வீட்டுக்காரர். வாங்கலாம். யாருக்கு வேண்டும் பொன்னி?

அட, இது என்ன அரிசி என்றே சொல்லவில்லையே! கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டுவிடுவோம். அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். விற்ற பணத்தில் ஒரு பங்கு ஊழியத்துக்கு, ஒரு பங்கு பிள்ளைகள் கவனிக்காத கிழவிகளின் மருந்துச் செலவுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காசுக்கு.

சுளகில் கொட்டிக் காட்டுகிறேன். இந்த மெலிந்தது பொன்னி. குண்டாக இருப்பது இட்லி அரிசி. இது யாரோ ஒரு மகராசி போட்ட பாசுமதி. இந்தப் பழுப்பு மணிகள் ரேஷன் அரிசி. களையும்போது மேலே சில மணிகள் மிதந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று ஊரெல்லாம் புரளி கிளப்பினார்களே, அதேதான். மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் சேர்த்து மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று ரேஷன் அரிசியில் கலந்திருக்கிறார்கள். ரேஷன் அரிசி பொங்கிச் சாப்பிடுகிற வீட்டிலிருந்தும் பிடி வந்திருக்கிறது. எந்த வீடு என்று எங்கள் சபைப் போதகர் ஐயருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பைபிளில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையிடமும் பானையில் ஒரு பிடி மாவுதானே இருந்தது.

இந்தப் பிடியரிசியை நிறுத்திவிட்டு, காணிக்கைப் பணம் போட ஆளுக்கொரு கவர் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அரிசியில் வண்டு விழுகிறதாம், மூட்டை தூக்க ஆளில்லையாம். எனக்குக் கவரே ஆகாது, உங்களுக்குத் தெரியும். கவரில் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதினால் ஆண்டறிக்கையில் தொகையும் அச்சாகும். நூறு ரூபாய் நோட்டு இல்லாத வீட்டிலும் உலை வைப்பார்கள் அல்லவா? வண்டுக்கு நாலு வேப்பிலை போட்டால் தீர்ந்தது.

நாமே கொடுத்து ஊழியம் நடத்துவது நமக்குப் புதிதல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்ப வெளிநாட்டில் கையேந்தவில்லை, திருநெல்வேலிச் சபைகளே கொடுத்தன. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையிலும் வீட்டுக்கு வீடு இப்படிப் பிடியரிசி எடுக்கிறார்கள், 1910 முதல். இன்றும் அந்தச் சபைக்கு அது பெரிய வருமானம். அவர்களுக்கு மட்டும் வண்டு வராதா?

சரி, சமையல். சோறு வடிக்கவே வடிக்காதீர்கள். பாசுமதி குழைந்து கூழாகிவிடும், இட்லி அரிசி விதை விதையாக நிற்கும். நான் ஊறவைத்து அரைத்துவிட்டேன். தோசை வந்தது பாருங்கள், ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று! வீட்டுக்காரர் ஐந்து தின்றார், விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வெந்தயம்... சொல்ல விட்டுப்போயிற்று, ஒரு ஸ்பூன், உளுந்தோடு சேர்த்து ஊறப்போடுங்கள். இட்லிக்கு மட்டும் இந்த மாவு வேண்டாம், கல்லாக வரும்.