எஸ்எஸ்டி மேல தப்பு இல்ல மக்களே, கேபிள் மேல!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேக்கலையா? அப்போ ரங்கூன்ல கரண்ட் இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இன்வெர்ட்டர்ல ஒரே ஒரு லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். மூஞ்சி பாதி இருட்டாத்தான் தெரியும், பொறுத்துக்குங்க.

போன வீடியோவுல ஒரு எஸ்எஸ்டியை, அதான் வீடியோவெல்லாம் சேத்து வெக்கிற வெளி டிரைவைப் பிடிச்சுத் திட்டு திட்டுன்னு திட்டினேன்ல? டூப்ளிகேட்டு, ஏமாத்துக்காரன், காசு போச்சுன்னு ஒப்பாரி வெச்சேன்ல? வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த எஸ்எஸ்டி தங்கம். குத்தவாளி யாரு தெரியுமா? கேபிள். பன்னெண்டாயிரம் கியாட் கேபிள்!

நடந்ததைச் சொல்றேன். சிரியம் பாலம் தாண்டிப் போயி பீலிக்கான் கோயில் தீமிதி எடுத்துட்டு வந்தேன்ல, அது மொத்தம் 190 ஜிபி. கணக்கு சுலபம்தான். என்கிட்ட ரெண்டு கேமரா, ஒவ்வொண்ணும் 4கேல வினாடிக்கு 100 மெகாபிட் எழுதும். எட்டு பிட் சேந்தா ஒரு பைட், அப்படின்னா ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கொஞ்சம் கம்மியா வெச்சு எடுக்கலாம்லன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. மாட்டேன். தணலும் புகையும் இருக்கே, பிட்ரேட்டை, அதான் வினாடிக்கு எழுதுற அளவைக் குறைச்சா அது கட்டம் கட்டமா உடைஞ்சு அசிங்கமாயிரும். சாமி மூஞ்சி லட்டு மாதிரி தெரியும்.

அந்த 190 ஜிபியை லேப்டாப்ல இருந்து புது எஸ்எஸ்டிக்கு மாத்தப் போட்டா, வினாடிக்கு 40 மெகாபைட்தான் போகுது. டப்பா மேல 1000னு போட்டிருக்கான்! ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும். எங்க ஏரியாவுல கரண்டு இருக்கறதே நாலு மணி நேரம். அதுல இதுக்கே மூணுல ஒரு பங்கு போனா, வெட்டி ஒட்டினதை நான் எப்போ முழு வீடியோவா ரெண்டர் போடுறது, எங்கம்மா எப்போ தண்ணி மோட்டார் போடுறது?

ரெண்டு வாரம் மக்களே. எஸ்எஸ்டியை ஃபார்மட் பண்ணேன். விண்டோஸை அப்டேட் பண்ணேன். கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க அந்தம்மா அவங்க கம்ப்யூட்டர்ல சொருகிக் காட்டுறாங்க, பறக்குது! "யபாதெ, யபாதெ"ன்னு, அதான் பர்மீஸ்ல பரவாயில்லன்னு, சிரிக்கிறாங்க. எனக்கு மானமே போச்சு. வீட்டுக்கு வந்து சொருகினா மறுபடியும் 40. அப்புறம்தான் உறைச்சுது: கடையில அவங்க சொருகினது அவங்க கேபிள்.

ரெண்டு பக்கமும் சி டைப் வாயி இருந்தா வேகமா இருக்கும்னு நெனைச்சுட்டோம்ல? வாயிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. சார்ஜர் கேபிள் நெறைய உள்ளுக்குள்ள பழைய, மெதுவான யூஎஸ்பி 2தான். அதோட உச்சமே 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். கையில கிடைக்கிறது 35, 40. நல்ல கேபிள் 45 ஆயிரத்துக்கு வாங்கினேன். அதுல 10 ஜிகாபிட்னு எழுத்துலயே போட்டிருக்கு. என் லேப்டாப் பழசு, போர்ட்டு 5 ஜிகாபிட்தான், அதனால 400 மெகாபைட் கிட்ட வருது. 190 ஜிபி எட்டு நிமிஷம்! எட்டே நிமிஷம்! நான் எழுந்து நின்னு கை தட்டினேன். பக்கத்து வீட்டுல என்னமோன்னு எட்டிப் பாத்தாங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இந்த எட்டு நிமிஷம் லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்டிக்கு. மெமரி கார்டுல இருந்து நேரா இழுத்தா இந்த வேகம் வராது, என் கார்டு 90க்கு மேல தாண்டாது. நாளைக்கு வந்து "அக்கா பொய் சொல்லிட்டாங்க"ன்னு போடாதீங்க.

சரி, இப்போ வயித்தெரிச்சல் பாகம். கேபிள் மாத்தியாச்சு, காப்பி பறக்குது. ஆனா வீடியோவை வெட்டி ஒட்டுற டைம்லைன்? அதே நொண்டி. பின்னாடி இழுத்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. யோசிச்சுப் பாத்தா, ரெண்டு கேமரா வீடியோவும் சேந்தே வினாடிக்கு 25 மெகாபைட்தான் கேக்குது. அது பழைய கேபிளுக்கே போதும். அப்போ தகராறு வேற இடத்துல.

என் கேமரா வீடியோவைச் சுருக்கி எழுதுற முறை எச்.265. அதுல முழுப் படம் எப்பவாவது ஒண்ணு, மத்ததெல்லாம் என்ன மாறுச்சுங்கறது மட்டும்தான். நம்ம பாட்டன் காலத்துச் செட்டியார் பேரேடு மாதிரி. பக்கத்து மேல ஒரு தடவைதான் முழு இருப்பு எழுதியிருக்கும். அதுக்குக் கீழ வரவு, செலவு, வரவு, செலவு. நடுவுல ஒரு வரியைத் தொட்டு "இந்த நிமிஷத்து இருப்பு என்ன"ன்னு கேட்டா, கணக்கப்பிள்ளை மேல இருந்து கூட்டிட்டு வரணும். எடிட்டிங்ல நாம வினாடிக்கு பத்து தடவ அப்படிக் கேக்குறோம். என் கிழவி லேப்டாப் பாவம், 16 ஜிபி ரேமை வெச்சுக்கிட்டு எவ்வளவு கூட்டும்?

அதுக்கு ப்ராக்ஸி. நான் எடிட் பண்ற சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ்ல கிளிப்பெல்லாம் தேர்ந்தெடுத்து, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பிங்கற ஃபார்மட்ல சின்ன சைஸ் நகல் எடுத்துட்டேன், அதான் ப்ராக்ஸி. அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப் படம், கூட்டல் வேலை இல்ல. வெண்ணெய் மாதிரி ஓடுது.

ஆக இப்போ என் வேலையே கரண்ட்டைப் பாத்துத்தான். கரண்ட் வந்தா காப்பி, ப்ராக்ஸி, ரெண்டர். போச்சுன்னா பேட்டரியில ப்ராக்ஸியை வெச்சு வெட்டுறது. பேட்டரியில கிராஃபிக்ஸ் கார்டு அரைத் தூக்கத்துலதான் இருக்கும், அப்போ ரெண்டர் போடுறது தண்டம். புது லேப்டாப் வாங்கச் சொல்றவங்க எல்லாம் தயவுசெஞ்சு சும்மா இருங்க. வாங்கினா கரண்ட்டும் சேத்துத் தருவாங்களா?

முக்கியமானது! ரிசால்வ்ல ரெண்டர் போடுற டெலிவர் பக்கம், அட்வான்ஸ்டு செட்டிங்ல ப்ராக்ஸியைப் பயன்படுத்துன்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துருங்க. நான் எடுக்காம விட்டு, மூணு மணி நேரக் கரண்ட்டை விழுங்கி வந்தது மங்கலா ஒரு தீமிதி. அழுகையே வந்துருச்சு.

தம்பி போன்ல எடுத்த மேளம் கிளிப்பும் கழுத்தறுத்துச்சு. பத்தாவது நிமிஷத்துல குச்சி கீழ இறங்குது, சத்தம் அப்புறமா வருது. போனு ஃப்ரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை படம்ங்கறதை ஏத்தி இறக்கிக்கிட்டே எடுக்கும், அதான். ஹேண்ட்பிரேக்ல போட்டு 25ன்னு நிலையா மாத்தினேன், சரியாப் போச்சு. அது காசில்லாத சாஃப்ட்வேர், டைம்லைன்ல வெக்கறதுக்கு முன்னாடியே செஞ்சுருங்க.

நல்ல கேபிளுக்கு மஞ்சக் கயிறு கட்டி வெச்சிருக்கேன், பாத்தவுடனே தெரியறதுக்கு. இருங்க காட்டுறேன்... இங்கதானே வெச்சேன்... டேய்! டேய் தம்பி! பவர் பேங்க்ல மஞ்சக் கயிறு தொங்குது பாரு, கழட்டுடா அதை!