‘பீல்’ என்ற சொல்லும் நம் நூலகமும்

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வெயில் தாழ்வதற்குள் நாற்காலி எல்லாம் சுமந்து வந்து போட்ட வாசகர் வட்டத் தம்பிகளே, இந்த நூலகத்தைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

தோல் உரிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பீல்’ என்கிறார்கள். அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: அது எங்கே பிறந்தது, அதே உருவத்தில் திரியும் வேறு சொற்கள் எவை, அப்புறம் தோல் உரிப்பதையே குறிக்கும் ‘ஸ்கின்’, ‘ஃப்ளே’ என்ற அதன் பங்காளிகள்.

லத்தீனில் ‘பிலுஸ்’ என்றால் மயிர். அதிலிருந்து ‘பிலாரே’, மயிரைக் களைவது. ஆக, முதலில் போனது மயிர்தான், தோல் இல்லை. ‘பெல்லிஸ்’ என்றால் தோல். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் சாயலும் சேர்ந்துகொள்ள, பொருள் மெல்லத் தோலுக்கு நகர்ந்தது. கம்பளிப்பூச்சிக்கு ‘கேட்டர்பில்லர்’ என்கிறார்களே, அதற்குள்ளும் இந்தப் ‘பிலுஸ்’ இருக்கிறது, பழைய பிரெஞ்சில் அது ‘மயிரடர்ந்த பூனை’!

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘பில்’ என்றும் எழுதினார்கள். அதற்குக் கொள்ளையடிப்பது என்றும் பொருள் இருந்தது. இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும், ஆதியாகமம் 29, 30ஆம் அதிகாரங்கள். யாக்கோபு தன் தாய்மாமன் லாபானிடம் ஆடு மேய்க்கிறான். ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தான், கல்யாண ராத்திரியில் மூத்தவள் லேயாளைத் தள்ளிவிட்டார் மாமா, மறுபடி ஏழு வருஷம்! கூலி கேட்டால், புள்ளியும் வரியும் உள்ளவை உனக்கு என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட அன்றைக்கே அப்படிப்பட்ட ஆடுகளை எல்லாம் பிரித்துத் தன் பிள்ளைகள் கையில் கொடுத்து மூன்று நாள் தூரத்துக்கு அனுப்பிவிட்டார். தோலிருக்கச் சுளை விழுங்கி என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த ஆள் இவர்தான். மருமகனும் சும்மா இருக்கவில்லை. பச்சைக் கொப்புகளை வெட்டி, இடையிடையே வெள்ளை தெரியப் பட்டையை உரித்து, ஆடுகள் தண்ணீர் குடிக்க வரும் தொட்டிகளில் போட்டான். அவை வரியும் புள்ளியுமாகக் குட்டி போட்டன என்கிறது கதை. 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த உரிப்புக்குப் ‘பில்ட்’ என்றே இருக்கிறது. நம் ‘பீல்’தான் அது, பழைய உடையில்.

ரொட்டிக்கடை அடுப்பில் ரொட்டியைத் தள்ளுகிற நீளக் கட்டைக் கரண்டிக்கும் ‘பீல்’ என்று பெயர். அது மண்வெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘பாலா’விலிருந்து வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் நிற்கும் ‘பீல்’ கோபுரங்கள் வேலிக் கம்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. 1829இல் லண்டன் போலீஸை உருவாக்கிய ராபர்ட் பீல் பெயருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை.

இதை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? கைடில் ‘பீல் என்றால் உரி’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஜேம்ஸ் மரே பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குச் சாதாரண வாசகர்கள்தான் துண்டுச் சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். 1884இல் முதல் பகுதி வந்தது, முடிய 1928 ஆயிற்று. மரே அதைப் பார்க்கவில்லை. அப்படி உருவான ஒன்றைத் தொட்டுப் பார்க்கக்கூட நம் பிள்ளைகளுக்கு வழியில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, நோக்கு நூல் அலமாரி காலி. தோலிருக்கச் சுளை விழுங்கி என்பதை நான் இங்கே இரண்டாம் முறை சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

‘ஸ்கின்’, ‘ஃப்ளே’ பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் அவர்கள் கிளம்ப வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு நல்ல சொற்பிறப்பு அகராதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் திறந்திருக்கும் வாசிப்பறை, இவ்வளவுதான் மனு. வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்களே போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.