மாவட்ட நீதிபதியின் தடையாணை நாடு முழுவதற்கும் செல்லுமா?

அடுத்த கேள்வி, நியூஜெர்சியில் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் ஒரு நேயருடையது. “அதிபரின் உத்தரவை ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதும் தடுக்க முடியாது என்று 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே, அப்படியானால் எங்கள் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று அந்தத் தீர்ப்புக்குப் பொருளா?” என்று கேட்டிருக்கிறார்.

இல்லை. 2025 ஜூன் 27 அன்று, டிரம்ப் எதிர் காசா (CASA என்ற குடியேறியோர் உரிமை அமைப்பு) வழக்கில், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வந்த அந்தத் தீர்ப்பு, குடியுரிமையைப் பற்றி எதையும் முடிவு செய்யவில்லை. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால், அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று உத்தரவிட்டார். மேரிலாந்து, மாசச்சூசெட்ஸ், வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களில் உள்ள மாவட்ட நீதிமன்றங்கள், அதாவது கூட்டாட்சி அமைப்பின் முதல்நிலை நீதிமன்றங்கள், அதற்கு நாடு தழுவிய தடை விதித்தன. அரசோ, உத்தரவு செல்லுமா என்று கேட்காமல், தடை யார் யாருக்குச் செல்லும் என்பதை மட்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. தோற்கக்கூடிய கேள்வியை ஒதுக்கிவிட்டு, வெல்லக்கூடிய கேள்வியை எடுத்துப் போன சாமர்த்தியம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏமி கோனி பாரெட்டின் வாதம் வரலாற்றைச் சார்ந்தது. தடையாணை பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குத் தந்தது 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம். அந்த அதிகாரத்துக்கு முன்மாதிரியாக இருந்த, அன்றைய இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வழக்கில் இல்லாதவர்களுக்கெல்லாம் பொருந்தும் ஆணை எதையும் வழங்கியதில்லை. ஆகவே வழக்குத் தொடுத்தவருக்கு முழு நிவாரணம் தரலாம், அதற்கு மேல் போகக் கூடாது என்றார் அவர். வழக்குப் போட வசதியில்லாதவர்களின் உரிமை என்னவாகும் என்பதே மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமேயரின் கவலை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால், ‘முழு நிவாரணம்’ என்ற அந்த அளவுகோலைக் கவனியுங்கள். மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வதால், வழக்குத் தொடுத்த மாநிலங்களுக்கு முழு நிவாரணம் கிடைக்க நாடு தழுவிய தடையே தேவை என்று மாசச்சூசெட்ஸ் நீதிபதி ஜூலை 25 அன்று மீண்டும் முடிவு செய்தார். அந்த மாநிலங்களில் உங்கள் நியூஜெர்சியும் ஒன்று. இதற்கு முன்பே, ஜூலை 10 அன்று, நியூ ஹாம்ப்ஷையர் மாவட்ட நீதிபதி, பிப்ரவரி 20 முதல் பிறந்த, இனிப் பிறக்கப்போகும், உத்தரவால் பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரே தரப்பாக ஏற்று, கூட்டு வழக்கின் வழியாகத் தடை வழங்கினார். அவ்வகை வழக்கில் அந்தத் தரப்புக்குள் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆணை பொருந்தும். பெற்றோர் தனித்தனியே நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.